அனுமதிக்கப்பட்ட புள்ளிகள்

காட்டுப்பாக்கத்தில் எங்கள் தெருவுக்கு முதல் இலவச மடிக்கணினி வந்தபோது, நாலு வீட்டுக்காரர்கள் கூடி நின்று பார்த்தோம். பக்கத்து வீட்டுப் பெண் அப்போது பிளஸ் டூ. திரை ஒளிர்ந்ததும் அவள் தம்பிதான் முதலில் சொன்னான்: “அக்கா, இங்க கருப்பா ஏதோ ஒட்டியிருக்கு பாரு.” துடைத்தாள், போகவில்லை. நகத்தால் சுரண்டப் போனவளைத் தடுத்தேன்.

“மாத்திக் குடுப்பாங்களா சார்?” என்று அவள் அம்மா கேட்டார். விசாரித்ததில், “ஒரு புள்ளிதானே, அது ஃபால்ட் கணக்குல வராது” என்று பதில் வந்தது. யார் போட்ட கணக்கு என்று எனக்குக் குடைச்சல். அந்த அம்மாவோ, “விடுங்க சார், தானமா குடுத்த மாட்டைப் பல்லைப் புடிச்சா பாக்கறது?” என்று முடித்துவிட்டார். பழமொழி அவர் நினைத்ததைவிடப் பொருத்தம். 2011 செப்டம்பர் 15 அன்று எங்கள் திருவள்ளூர் மாவட்டத்துக் காக்களூரில் ஜெயலலிதா மடிக்கணினித் திட்டத்தைத் தொடங்கிவைத்தபோது, அதே மேடையில் கறவை மாடு கொடுக்கும் திட்டமும் தொடங்கியது.

அதற்கு மூன்று நாள் கழித்து, 18ஆம் தேதி, அமெரிக்காவில் பீட்டர் பிராடி இறந்துபோனார். புடாபெஸ்டில் பிறந்தவர். 1970களின் தொடக்கத்தில் பிட்ஸ்பர்கில் வெஸ்டிங்ஹவுஸ் ஆய்வகத்தில், ஒவ்வொரு புள்ளிக்கும் தனியாக ஒரு டிரான்சிஸ்டர் வைத்த திரவப் படிகத் திரையை அவருடைய குழு செய்துகாட்டியது. ஆறு அங்குலச் சதுரத்தில், வரிசைக்கு 120 வீதம் 14,400 புள்ளிகள். 1979இல் நிறுவனம் அந்த வேலையை ஊற்றி மூடிவிட்டது. பிறகு அதைப் பெருந்தொழிலாக்கியது ஜப்பான்.

பழைய குண்டு டிவியில் இந்தத் தொல்லை கிடையாது. அதில் எலெக்ட்ரான் கற்றை திரை முழுக்க ஓடிப் படம் வரையும். புள்ளிக்கொரு டிரான்சிஸ்டர் என்று வந்தபிறகு, ஒவ்வொன்றும் தனித்தனியே சாகலாம் என்றாயிற்று. 1992இல் வந்த ஐபிஎம் திங்க்பேட் 700சி திரை 640க்கு 480. சிவப்பு, பச்சை, நீலம் என்று மும்மூன்றாகப் பெருக்கினால் 9,21,600 டிரான்சிஸ்டர்கள். ஒரு தூசி விழுந்தால் ஒன்று போச்சு. அந்த ஆண்டுகளில் ஆலைகளில் கழித்துப் போட்ட கண்ணாடி கொஞ்சநஞ்சமல்ல. ஒரு புள்ளி கெட்டதையெல்லாம் தூக்கிப் போட்டால் விற்க ஒன்றும் மிஞ்சாது. ஆக, எத்தனை கெட்டால் ‘கெடவில்லை’ என்று சொல்லலாம் என ஒரு எண் தேவைப்பட்டது.

2001இல் அந்த எண்ணுக்கு உலக முத்திரை கிடைத்தது: ஐஎஸ்ஓ 13406-2. திரைகளை நான்கு வகுப்பாகப் பிரித்தார்கள். முதல் வகுப்பில் ஒரு குறையும் கூடாது. சந்தையில் பரவலாக வந்தது இரண்டாம் வகுப்பு. அதில் பத்து லட்சம் புள்ளிக்கு எப்போதும் எரிவது இரண்டு, எப்போதும் இருண்டது இரண்டு, அரைகுறை உட்புள்ளிகள் ஐந்து வரை இருக்கலாம். 2008இல் 9241-307 என்று வேறு எண்ணில் புதுப்பித்தார்கள். அந்தப் பெண்ணின் திரை 1366க்கு 768, அதாவது 10,49,088 புள்ளிகள். விதிப்படி அது குறையே இல்லாத கணினி!

ஆலையில் இன்னொரு வேலையும் நடக்கும். எரிந்துகொண்டே இருக்கும் புள்ளி இருட்டில் கண்ணை உறுத்தும், கருப்பானால் அவ்வளவு தெரியாது. அதனால் லேசரால் சுட்டு அதை இருட்டாக்கிவிடுவார்கள். குணப்படுத்துவதல்ல, பேசாமல் இருக்கவைப்பது. நம் வீட்டுப் புள்ளியும் அப்படிச் சுடப்பட்டதோ என்னவோ.

ரிச்சி தெருவுக்கு எடுத்துப் போனோம். கடைப் பையன் நிறங்களை மாற்றி மாற்றி மின்னவைக்கும் மென்பொருளை ஒரு மணி நேரம் ஓடவிட்டான். ஒரு நிறத்தில் சிக்கிக்கொண்ட புள்ளி அதில் சில சமயம் விடுபடும். துணியைச் சுற்றி மெதுவாக அழுத்தியும் பார்த்தான். “இது டெட்டு சார். பேனலையே மாத்தணும், மூவாயிரத்து ஐநூறு.” அம்மா பெட்டியை மூடி மடியில் வைத்துக்கொண்டார்.

திரும்பும் பஸ்ஸில் அவள்தான் ஒரு விஷயம் சொன்னாள். தமிழில் ஏதாவது படிக்கும்போது அந்தப் புள்ளி எழுத்தின் தலையில் போய் உட்கார்ந்துகொள்கிறதாம், ‘பட’ என்பது ‘பட்’ ஆகிவிடுகிறதாம். பதினாலு அங்குலத் திரையில் ஒரு புள்ளி கால் மில்லிமீட்டருக்கும் குறைவு. சிறிய எழுத்தில் மெய்யின் புள்ளியும் ஏறக்குறைய அவ்வளவுதான். தொல்காப்பியம் மெய்க்குப் புள்ளி வேண்டும் என்கிறது. ஓலையில் எழுதியவர்களோ பெரும்பாலும் வைக்கவில்லை, எழுத்தாணி குத்தினால் ஓலை கிழியும். புள்ளி எங்கே இருந்திருக்கும் என்று ஊகித்துத்தான் உ.வே.சாமிநாதையர் காலத்தில் சுவடிகளைப் படித்தார்கள். இவளுக்கு அது தலைகீழ், இல்லாத புள்ளியைக் கழித்துப் படிக்க வேண்டும்.

“எப்படிப் படிக்கிற?”

“ஒரு வரி மேல தள்ளிடுவேன் அங்கிள். அப்ப அது வெத்து எடத்துல வந்துடும்.”

இரண்டு வருஷம் அப்படித் தள்ளித் தள்ளித்தான் படித்தாள். பிறகு கணினி தம்பிக்குப் போயிற்று. அவன் கிரிக்கெட் விளையாட்டு ஓட்டினான். புள்ளி மைதானத்தின் நடுவில், மிட்-ஆனுக்குக் கொஞ்சம் தள்ளி நிற்கும். அவனுக்கு அது ஒரு ஃபீல்டர்.