மயிலிட்டிக் கிணறும் கணித பாடமும்

1990 ஜூனில் இடம்பெயர்ந்த மயிலிட்டி மக்களிடம் மீன்பிடித் துறைமுகமும் அதையொட்டிய காணிகளும் 2017 ஜூலை 3 ஆம் திகதிதான் கையளிக்கப்பட்டன. ஊர் திரும்பும் குடும்பம் முதலில் தேடுவது வளவின் எல்லையையும் கிணற்றையும். 27 ஆண்டுகள் இறைக்காத கிணற்றைத் துப்புரவாக்கிய பின் எழும் கேள்விகள் இரண்டு: எவ்வளவு இறைக்கலாம்? எப்போது உவராகும்? இரண்டுமே கணிதக் கேள்விகள். எமது வகுப்பறைகளில் இவற்றுக்கு இடம் குறைவு.

நிஜமான சிக்கலொன்றை எடுத்து, எதைக் கணக்கில் சேர்ப்பது, எதை விடுவது என்று தீர்மானித்து, அதைக் கணிதமாக எழுதி, வந்த விடையை நிலைமையோடு ஒப்பிட்டுத் திருத்துவதே கணித மாதிரியாக்கம். பாடநூலின் வசனக் கணக்கு வேறு. அங்கே தேவையான எண்கள் எல்லாம் முன்கூட்டியே தரப்பட்டிருக்கும். ஜேர்மனி 2003 இல் தனது தேசியக் கணிதத் தரங்களில் மாதிரியாக்கத்தை ஆறு திறன்களில் ஒன்றாகச் சேர்த்தது.

கிணற்றுக்கு வருவோம். வலிகாமத்தின் அடியில் இருப்பது சுண்ணக்கல். மழைநீர் அதனூடாக இறங்கி, கீழேயுள்ள உவர்நீரின் மேல் வில்லைபோல மிதக்கிறது. நன்னீரின் அடர்த்தி 1.000, கடல்நீரினது 1.025. இரண்டையும் சமப்படுத்தினால், கடல்மட்டத்துக்கு மேல் 1 மீற்றர் நன்னீர் நின்றால் கீழே ஏறத்தாழ 40 மீற்றர் நன்னீர் இருக்கும். கைபன், ஹேர்ட்ஸ்பேர்க் என்ற இருவர் தனித்தனியே கண்ட தொடர்பு இது. விகிதம் தெரிந்த பிள்ளைக்கு இது போதும். எமக்கு முக்கியம் இதன் மறுபக்கம்: நீர்மட்டம் 10 சென்ரிமீற்றர் தாழ்ந்து அப்படியே நின்றால், காலப்போக்கில் உவர்நீர் எல்லை 4 மீற்றர் மேலெழும். துலாவால் இறைத்த காலத்துக்கும் மோட்டர் போட்டு இறைக்கும் காலத்துக்கும் உள்ள வித்தியாசத்தை இந்த ஒரு கணக்கே சொல்லிவிடும்.

ஆனால் இந்த மாதிரி நிலம் எங்கும் ஒரே சீராக இருப்பதாக எடுத்துக்கொள்கிறது. எமது சுண்ணக்கல்லில் வெடிப்புகளும் குகைகளும் உண்டு. ஒரு வளவில் நல்ல தண்ணீர், அடுத்த வளவில் உவர். ஏன் கணக்குப் பொய்க்கிறது என்று பிள்ளைகள் வாதிடும் இடத்தில்தான் மாதிரியாக்கம் உண்மையில் தொடங்குகிறது.

ஆசிரியர் தடுமாறுவதும் அங்கேதான். விடை ஆசிரியர் வழிகாட்டியில் இல்லை. ஒரு குழுவின் விடை மற்றக் குழுவினதைப் போல இராது. ஒருநாள் கருத்தரங்கில் திரையில் காட்டி விளக்கினால் இந்தத் தயக்கம் போகாது என்பது என் கருத்து. கோப்பாய் ஆசிரிய கலாசாலையிலும் தேசிய கல்வியியற் கல்லூரியிலும் பயிலும் ஆசிரியர்கள் முதலில் தாங்களே ஒரு சிக்கலை எடுத்து, அளந்து, பிழைத்து, திருத்திப் பார்க்க வேண்டும். பிறகு அதே பாடத்தை வகுப்பில் நடத்தி, சக ஆசிரியரோடு இருந்து பேச வேண்டும். சாதாரண தரப் பரீட்சை நெருக்கும்போது இதற்கு நேரம் எங்கே என்று கேட்பார்கள். நியாயமான கேள்வி. ஆகவே புதிய பாடவேளை கேட்க வேண்டாம். விகிதமும் வரைபும் படிப்பிக்கும் கிழமைகளுக்குள்ளேயே இதை வைக்கலாம்.

செலவும் பெரிதில்லை. மாரி முடிந்து தையில் ஒரு தரம், கோடையில் ஆவணியில் ஒரு தரம், ஒவ்வொரு பிள்ளையும் தன் வீட்டுக் கிணற்றின் நீர்மட்டத்தைக் கட்டிலிருந்து கயிறும் கல்லும் கொண்டு அளந்து கொப்பியில் குறித்து வந்தால் வகுப்புக்குத் தேவையான தரவு கிடைத்துவிடும்.