முறிவு வைத்தியரும் வார்டு டொக்டரும்

திருகோணமலைத் துறைமுகத்தை அண்டி வாழும் எம்மவரிடையே ஒரு வழக்கம் உண்டு. தோணியில் வழுக்கிக் கை பிசகினால் முறிவு வைத்தியர். காய்ச்சல் விடாவிட்டால் ஆஸ்பத்திரி. எங்கள் வீட்டிலும் அப்படித்தான். கட்டுப் போட்டதை ஆஸ்பத்திரியில் சொல்வதில்லை. "சொன்னா டொக்டர் ஏசுவார்" என்பார்கள். இது சின்ன விஷயமல்ல. கட்டு இறுகி இரத்தவோட்டம் தடைப்பட்டால் கையே போய்விடும். இந்த மறைப்பின் வேர் வைத்தியர்களை உருவாக்கிய கல்வியிலும் இருக்கிறது என்பது என் கருத்து.

பரம்பரை வைத்தியத்தில் மாணவன் ஆசானோடு இருந்து, தடவிப் பார்த்து, எண்ணெய் காய்ச்சிப் பழகினான். நோயாளி ஊராள், அவருடைய தொழிலும் குடும்பமும் அவனுக்குத் தெரியும். மேலைத்தேய மருத்துவமும் இந்த நெருக்கத்தை ஒருகாலம் நாடியது. அமெரிக்க மிஷன் மருத்துவர் சாமுவேல் கிறீன் 1848இல் மானிப்பாயில் கற்பிக்கத் தொடங்கினார். பின்னர் தமிழிலேயே நூல்களும் ஆக்கி, 60க்கு மேற்பட்டோரைப் பயிற்றுவித்தார். ஆங்கிலத்தில் படித்தவர் ஊரில் தங்கமாட்டார் என்பது அவர் கணிப்பு. ஆனால் 1870இல் கொழும்பில் உருவான மருத்துவக் கல்லூரி ஆங்கில வழியிலேயே சென்றது.

1929இல் சுதேச வைத்தியக் கல்லூரி திறக்கப்பட்டது. ஆயுர்வேதம், சித்தம், யூனானி அங்கே இடம்பெற்றன. 1961ஆம் ஆண்டின் ஆயுர்வேதச் சட்டம் இம்மூன்றுக்கும் அங்கீகாரம் தந்தது. ஆயினும் வைத்தியர் பதிவு இரண்டாகவே நின்றது.

அமெரிக்காவில் கதை வேறு. எலும்பு, தசை, மூட்டுகளைக் கையால் தொட்டறிந்து சீர்செய்யும் ஒஸ்டியோபதிக்கென அண்ட்ரூ டெய்லர் ஸ்டில் 1892இல் மிசூரியில் கல்லூரி தொடங்கினார். ஆரம்பத்தில் மருந்தை வெறுத்த அந்த முறை, பிற்காலத்தில் மருந்தியலையும் சத்திரசிகிச்சையையும் ஏற்றது. இன்று அதன் மாணவர் ஏனைய மருத்துவ மாணவர் கற்பதைக் கற்று, மேலதிகமாகக் கைப்பயிற்சியும் பெறுகிறார். 2020 முதல் இரு சாராரின் பட்டப்பின் பயிற்சியையும் ஒரே அமைப்பு அங்கீகரிக்கிறது. அந்தக் கைமுறையின் பலன்கள் எல்லாம் ஆய்வில் நிறுவப்பட்டவையல்ல. எனினும் இரு சாராரும் ஒரே வார்டில் நின்று கற்கிறார்கள்.

எமது கிழக்குப் பல்கலைக்கழகத்தில் மேலைத்தேய மருத்துவம் மட்டக்களப்பில்; சித்த மருத்துவம் திருகோணமலை வளாகத்தில். இரு மாணவரும் பயிற்சிக் காலத்திலேயே சேர்ந்து நோயாளியைப் பார்க்க வேண்டும். எக்ஸ்ரேக்கு அனுப்பவேண்டிய வேளையை ஒருவர் அறியட்டும், "வேற எங்க காட்டினீங்க?" என்று ஏசாமல் கேட்க மற்றவர் பழகட்டும்.

இப்னு சீனாவை மேடைகளில் போற்றுகிறோம். கிரேக்கரிடம் தயங்காமல் கற்றதால்தான் யூனானி வளர்ந்தது என்பதையும் எம் பிள்ளைகளுக்குச் சொல்லுவோம்.