வள்ளி (பெண்பெயர்)

வள்ளி என்பது சங்க காலந்தொட்டு அறியப்பட்ட தமிழ்ப் பெண்பெயர். முருகனின் காதல் மனைவியான குறமகளின் பெயர் இது. சொல் கொடியைக் குறிக்கும். வள்ளிக்கிழங்கு அந்தக் கொடியின் கிழங்கு. மான் ஈன்று, கிழங்கு அகழ்ந்த குழியில் விட்டுச்சென்ற பெண்குழந்தையைக் குறவர் தலைவன் நம்பிராசன் எடுத்து வளர்த்தான், அதனால் வள்ளி என்று பெயரிட்டான் என்கிறது கச்சியப்ப சிவாசாரியாரின் கந்தபுராணம். அவள் முற்பிறப்பில் திருமாலின் மகள் சுந்தரவல்லி என்றும் அதே நூல் சொல்கிறது. இந்த உயர்குடிப் பிறப்பு புராணத்துக்குத்தான் தேவைப்பட்டது. அதற்குப் பல நூற்றாண்டு முன்பே, நற்றிணையின் 82ஆம் பாடலில் வள்ளி மலைநாட்டுப் பெண்ணுக்கு உவமையாக வந்துவிட்டாள்.

வேலூர் மாவட்டத்து வள்ளிமலை அவள் தினைப்புனம் காத்த இடமாகக் கருதப்படுகிறது. திருச்செந்தூரில் கடலோரம் வள்ளிக் குகை இருக்கிறது. இலங்கையின் கதிர்காமத்திலோ, வள்ளி தங்கள் குலத்துப் பெண் என்பது அங்குள்ள வேடர்களின் நம்பிக்கை.

பெயரை ஊர்தோறும் கொண்டுசேர்த்ததில் கோயிலுக்கு இருந்த பங்கு மேடைக்கும் உண்டு. சங்கரதாஸ் சுவாமிகளின் ‘வள்ளி திருமணம்’ நாடகத்தை இன்றும் தென்மாவட்டத் திருவிழாக்களில் விடிய விடிய நடத்துகிறார்கள். கொங்கு நாட்டில் அதே கதை வள்ளி கும்மியாக ஆடப்படுகிறது. அக்கலையின் ஆசிரியர் பத்ரப்பனுக்கு 2024இல் பத்மஸ்ரீ அறிவிக்கப்பட்டது. திரையிலும் ஏவி. மெய்யப்பனின் ‘ஸ்ரீவள்ளி’ படம் 1945இல் வந்தது.

வள்ளியம்மை, வள்ளியம்மாள், வள்ளிநாயகி, வள்ளிமயில், ஸ்ரீவள்ளி ஆகியவை இதன் வேறு வடிவங்கள். வள்ளியம்மை செட்டிநாட்டில் மிகுதி. ஆண்களுக்கும் வள்ளியப்பன், வள்ளிநாயகம் என்று வைப்பதுண்டு. குழந்தைக் கவிஞர் அழ. வள்ளியப்பாவை அறியாதவர் குறைவு. கோமளவல்லி, செண்பகவல்லி போன்றவற்றின் ஈற்றில் வருவது வடமொழி ‘வல்லி’. பொருள் அதற்கும் கொடிதான் என்பதால் இரண்டையும் மாற்றி எழுதுகிறவர்கள் உண்டு. எழுத்தாளர் வல்லிக்கண்ணன் தம் புனைபெயரின் முற்பகுதியை ராஜவல்லிபுரம் என்ற ஊரிலிருந்து எடுத்துக்கொண்டவர். ஆனால், தனியே பேருந்தில் போய்வரும் அவருடைய எட்டு வயதுக் கதாநாயகி வள்ளியம்மை, சுருக்கமாக வள்ளி. சிபிஎஸ்இ பத்தாம் வகுப்பு ஆங்கிலப் பாடநூலில் அந்தக் கதை மொழிபெயர்ப்பாக இடம்பெற்றது.

இப்பெயர் கொண்டோரில் வரலாற்றில் நிலைத்தவர் தில்லையாடி வள்ளியம்மை. 1898இல் ஜோகன்னஸ்பர்க்கில் பிறந்தார். காந்தியின் சத்தியாகிரகத்தில் கலந்துகொண்டு சிறை சென்றார். அங்கே கண்ட காய்ச்சலோடு வெளியே வந்து, 1914 பிப்ரவரி 22 அன்று பதினாறு வயதில் இறந்தார். தில்லையாடி அவருடைய தாயின் ஊர். சென்னை எழும்பூரில் உள்ள கோ-ஆப்டெக்ஸ் தலைமையகக் கட்டடம் அவர் பெயரைத் தாங்கியிருக்கிறது.

ஒரு காலத்தில் இரட்டைப் பெண்கள் பிறந்தால் முருகனின் இரு மனைவியர் பெயர்களான வள்ளி, தெய்வானை என்று வைப்பது முருக பக்தர் வீடுகளில் வழக்கமாக இருந்தது. இன்று தெய்வானை அருகிவிட்டது. வள்ளியைத் தனியே வைப்பவர்களும் குறைந்துவிட்டார்கள். பாட்டியின் பெயரைப் பேத்திக்கு இடும் குடும்பங்களே அதை இன்னும் விடாமல் வைத்திருக்கின்றன.