புத்தாண்டு உடல்நல இலக்குகள்: நோயாளிகளுக்கும் பராமரிப்பாளர்களுக்கும் ஒரு வழிகாட்டி

புத்தாண்டின் தொடக்கத்தில் பலரும் உடல்நலம் குறித்துத் தீர்மானம் மேற்கொள்கின்றனர். நீரிழிவு, உயர் இரத்த அழுத்தம் போன்ற நீண்டகால நோயுடையவர்களுக்கு இத்தீர்மானம் வெறும் விருப்பமன்று. சிகிச்சையின் ஒரு பகுதி. இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் ஆதரவுடன் நடந்து 2023ஆம் ஆண்டில் முடிவுகள் வெளியான நாடு தழுவிய ஆய்வில், புதுச்சேரியில் 20 வயதும் அதற்கு மேலும் உள்ளவர்களுள் 26.3 விழுக்காட்டினருக்கு நீரிழிவு இருப்பது கண்டறியப்பட்டது. அதாவது, ஏறத்தாழ நால்வருள் ஒருவர். பிள்ளைச்சாவடி போன்ற கடலோர ஊர்களில் வாழும் குடும்பங்கள், தம் அன்றாட வாழ்க்கைக்கு ஏற்ப இலக்குகளை அமைத்துக்கொள்ள இப்பக்கம் உதவும்.

எத்தகைய இலக்கு பயன் தரும்?

இலக்குகள் இருவகைப்படும். “பத்து கிலோ எடையைக் குறைப்பேன்” என்பது அளவு இலக்கு. “நாள்தோறும் மாலையில் அரைமணி நேரம் நடப்பேன்” என்பது செயல் இலக்கு. எடையும் சர்க்கரை அளவும் பல காரணங்களால் ஏறி இறங்கும்; அவை முழுவதும் உங்கள் கையில் இல்லை. நடப்பதும், மாத்திரையை வேளைக்கு எடுத்துக்கொள்வதும் பெரிதும் உங்கள் கையில் உள்ளவை. ஆகவே செயலை இலக்காகக் கொள்ளுங்கள். அளவைப் பரிசோதனையில் அறிந்துகொள்ளுங்கள்.

இதற்குச் சென்னை மருத்துவர்கள் நடத்திய ஆய்வு ஒன்று சான்றாக உள்ளது. நீரிழிவுக்கு முந்தைய நிலையில் இருந்த 531 பேர் மூன்று ஆண்டுகள் கண்காணிக்கப்பட்டனர். முடிவுகள் 2006இல் வெளியாயின. வழக்கமான அறிவுரை மட்டும் பெற்ற பிரிவில் 55 விழுக்காட்டினருக்கு நீரிழிவு ஏற்பட்டது. நடைப்பயிற்சியும் உணவு மாற்றமும் மேற்கொண்ட பிரிவில் அது 39.3 விழுக்காடாகக் குறைந்தது. இப்பிரிவினரின் சராசரி எடையில் குறிப்பிடத்தக்க மாற்றம் இல்லை என்பது கவனிக்கத்தக்கது. எடை காட்டும் எண் மாறவில்லை என்று மனம் தளர்ந்து நடையை நிறுத்தியிருந்தால், இப்பயன் கிடைத்திருக்காது.

இலக்கை எழுதும் முறை

என்ன செய்வேன், எப்போது, எங்கே, தடை வந்தால் என்ன செய்வேன் என்ற நான்கையும் ஒரு தாளில் எழுதி, வீட்டில் அனைவரும் காணுமிடத்தில் வையுங்கள். ஒரே நேரத்தில் ஒன்றிரண்டு இலக்குகள் போதும்.

• நடை: வாரத்திற்குக் குறைந்தது 150 நிமிட மிதமான உடலுழைப்பை உலக சுகாதார நிறுவனம் பரிந்துரைக்கிறது. நாளொன்றுக்கு 30 நிமிடம் வீதம் ஐந்து நாள் நடந்தால் இது நிறைவேறும். கடலரிப்பால் மணற்பரப்பு குறைந்துள்ள கரையிலும், வாகனங்கள் விரையும் கிழக்குக் கடற்கரைச் சாலையின் ஓரத்திலும் நடப்பதைவிட, ஊரின் உள்தெருக்களில் நடப்பது பாதுகாப்பானது. “மழை பெய்தால் வீட்டிற்குள்ளேயே நடப்பேன்” என்று மாற்று வழியையும் சேர்த்து எழுதுங்கள்.

• உப்பு: நாளொன்றுக்கு 5 கிராமுக்கும் குறைவாக, அதாவது ஒரு தேக்கரண்டிக்குள் இருத்தல் வேண்டும். கருவாடு, ஊறுகாய், அப்பளம் ஆகியவற்றில் உள்ள உப்பும் இக்கணக்கில் சேரும். “கருவாட்டுக் குழம்பு வாரம் ஒருமுறை, மற்ற நாள்களில் பச்சை மீன்” என்பது தெளிவான இலக்கு. “உப்பைக் குறைப்பேன்” என்பது தெளிவற்றது.

• மருந்து: விடியுமுன் கடலுக்குச் செல்பவரின் காலை உணவு பிந்திவிடும். உணவோடு எடுக்க வேண்டிய மாத்திரையை எந்நேரத்தில் எடுப்பது என்று மருத்துவரிடம் கேட்டு, அந்நேரத்தைக் குறித்துக்கொள்ளுங்கள். உழைப்பாலேயே உடல் இயங்கும் இவர்களுக்கு, நடையைவிட மருந்து ஒழுங்கும் உப்புக் குறைப்பும் முதல் இலக்காக இருக்கலாம்.

தொடங்குமுன் மருத்துவரிடம் கேட்க வேண்டியவை

• என் இரத்த அழுத்தமும் சர்க்கரையும் எந்த அளவுக்குள் இருக்க வேண்டும்? வயதுக்கும் பிற நோய்களுக்கும் ஏற்ப இது மாறும்.
• கடந்த இரண்டு மூன்று மாதச் சர்க்கரையின் சராசரியைக் காட்டும் எச்.பி.ஏ1சி பரிசோதனையை எப்போது செய்ய வேண்டும்?
• உணவைக் குறைத்து நடையைக் கூட்டினால் மருந்தின் அளவை மாற்ற வேண்டுமா? இன்சுலினோ சில வகைச் சர்க்கரை மாத்திரைகளோ எடுப்பவர்களுக்குச் சர்க்கரை திடீரெனத் தாழக்கூடும். வியர்வை, நடுக்கம், மயக்க உணர்வு தோன்றினால் உடனே சர்க்கரையோ இனிப்புப் பானமோ உட்கொள்ள வேண்டும்.

உடல் நலமாக இருப்பதாகத் தோன்றினாலும் மருந்தைத் தாமாக நிறுத்தக் கூடாது. அந்நலம் பெரும்பாலும் மருந்தினால் விளைந்ததே. பல ஆண்டுகளாக நாள்தோறும் மது அருந்தியவர்கள் அதைத் திடீரென நிறுத்தினால் வலிப்பு முதலிய ஆபத்துகள் நேரலாம். மருத்துவ உதவியுடன் நிறுத்துவதே பாதுகாப்பானது. 30 வயதைக் கடந்தவர்கள், நோய் அறிகுறி இல்லாவிடினும், காலாப்பட்டு ஆரம்ப சுகாதார நிலையம் போன்ற அருகிலுள்ள அரசு மருத்துவ நிலையத்தில் சர்க்கரையையும் இரத்த அழுத்தத்தையும் பரிசோதித்துக்கொள்ள வேண்டும்.

இடையில் தவறினால்

புதிய பழக்கம் படிய எவ்வளவு காலம் ஆகும் என்பதை இலண்டனில் நடந்த ஓர் ஆய்வு அளவிட்டது. நடுத்தரமாக 66 நாள்கள் ஆயின; சிலருக்கு 18 நாள்களும் சிலருக்கு 254 நாள்கள் வரையும் தேவைப்படும் எனக் கணிக்கப்பட்டது. ஒரு நாள் தவறியதால் பழக்கம் படிவது குறிப்பிடத்தக்க அளவில் பாதிக்கப்படவில்லை. எனவே ஒரு நாள் தவறினால் மறுநாள் தொடருங்கள். சனவரி முதல் நாள் தொடங்கியது மார்ச்சு மாதத்திலும் கடினமாகத் தோன்றினால், அது தோல்வியன்று.

ஆண்டின் மாற்றங்களையும் முன்கூட்டியே எண்ணிப் பாருங்கள். பொங்கலன்று சர்க்கரைப் பொங்கல் எவ்வளவு உண்பது, மாசி மகத்தன்று வெயிலில் நெடுநேரம் இருக்கையில் மருந்தை எவ்வாறு எடுப்பது என்று முன்பே முடிவு செய்யலாம். ஏப்ரல் 15 முதல் சூன் 14 வரையிலான மீன்பிடித் தடைக்காலத்தில் இயந்திரப் படகுகளில் செல்வோரின் உழைப்பும் வருவாயும் குறையும். அக்காலத்தில் நடையைக் கூட்டிக்கொள்ளலாம். மருந்து தீருமுன்பே அரசு மருத்துவ நிலையத்தில் பெற்றுக்கொள்ள வேண்டும்.

பராமரிப்பாளர்களுக்கு

இலக்கை நோயாளியே தேர்ந்தெடுக்க வேண்டும். நீங்கள் துணை நிற்கலாம். “ஏன் நடக்கவில்லை?” என்று கேட்பதைவிட “வாருங்கள், சேர்ந்து நடப்போம்” என்பது பயன் தரும். நோயாளிக்கெனத் தனிச் சமையல் வேண்டாம்; உப்பும் எண்ணெயும் குறைந்த உணவு குடும்பம் முழுவதற்கும் நல்லது. நினைவூட்டலுக்குக் கைப்பேசியைப் பயன்படுத்துங்கள். தென்னிந்தியாவில் 537 ஆண்களிடம் நடந்து 2013இல் வெளியான ஆய்வில், தொடர்ந்து குறுஞ்செய்தி பெற்றவர்களுள் 18 விழுக்காட்டினருக்கும், பெறாதவர்களுள் 27 விழுக்காட்டினருக்கும் இரண்டு ஆண்டுகளில் நீரிழிவு ஏற்பட்டது.

உங்கள் உறக்கம், உணவு, பரிசோதனை ஆகியவற்றையும் ஓர் இலக்காக எழுதிக்கொள்ளுங்கள். நீங்கள் நோயுற்றால், உங்களைச் சார்ந்திருப்பவரின் பராமரிப்பும் தடைபடும்.

உதவிக்கு

• மனச்சோர்வு, கவலை: டெலி மானஸ், 14416
• புகையிலையை விட: 1800-11-2356
• நெஞ்சுவலி, மூச்சுத்திணறல், முகக் கோணல், கை கால் தளர்ச்சி, பேச்சுக் குழறல்: தாமதமின்றி 108ஐ அழையுங்கள்

இப்பக்கத்திலுள்ள தகவல்கள் பொதுவான விழிப்புணர்வுக்கானவை. உங்களுக்குரிய சிகிச்சையை உங்கள் மருத்துவரே முடிவு செய்வார். எழுதிய இலக்குத் தாளை அடுத்த பரிசோதனைக்குச் செல்லும்போது அவரிடம் காட்டுங்கள்.