செவிலியர் கல்வியும் இடப்பெயர்வும்: வட ஆர்க்காட்டுப் பின்புலத்தில் ஒரு வரலாற்று நோக்கு

திருவண்ணாமலை மாவட்ட ஆட்சியர் அலுவலகம் அமைந்துள்ள வேங்கிக்கால், 1989 செப்டம்பர் வரை வேலூரைத் தலைமையிடமாகக் கொண்ட வட ஆர்க்காடு மாவட்டத்தில் அடங்கியிருந்தது. செவிலியர் பட்டம் நாடிய இப்பகுதிப் பெண்களுக்கு நெடுங்காலம் அருகிலிருந்த வாயில், ஏறத்தாழ 80 கிலோமீட்டர் தொலைவிலுள்ள வேலூரே. பணித்தொடக்கம், இடப்பெயர்வு, மேற்படிப்பு ஆகியன இன்று ஒரு செவிலியரின் சொந்த முடிவுகளாகப் பேசப்படுகின்றன. கல்வியமைப்பின் வரலாற்றை நோக்கினால் இம்மூன்றும் ஒரே ஏற்பாட்டின் கண்ணிகள் என்பதும், அவ்வேற்பாடு தேர்ந்த செவிலியரை நோயாளியின் படுக்கையிலிருந்து விலக்கிச் செல்கிறது என்பதும் புலனாகும்.

சென்னை அரசுப் பொது மருத்துவமனையில் 1871இல் செவிலியர் பயிற்சி தொடங்கியது. இராணிப்பேட்டையில் பிறந்த ஐடா ஸ்கடர் 1900இல் வேலூரில் ஒற்றைப் படுக்கையுடன் மருத்துவப் பணியைத் தொடங்கி, 1909இல் செவிலியர் பள்ளியை நிறுவினார். பெண்களுக்கான மருத்துவப் பள்ளி அங்கு 1918இல்தான் தோன்றியது. மருத்துவர் கல்விக்கு ஒன்பது ஆண்டுகள் முன்னரே செவிலியர் கல்வி வேரூன்றியமை கருதத்தக்கது. 1926ஆம் ஆண்டின் சென்னைச் செவிலியர், மகப்பேற்றுதவியாளர் சட்டம் தகுதிபெற்றோர்க்கெனப் பதிவேட்டை ஏற்படுத்தியது. பணிபுரிய மாநிலப் பதிவு வேண்டும் என்னும் நிலையில், மாநிலம் கடக்கும் செவிலியர் பதிவையும் உடன் கொண்டுசெல்ல வேண்டியவரானார்.

ஜோசப் போர் தலைமையிலான குழு 43,000 மக்களுக்கு ஒரு செவிலியர் என்ற நிலையைச் சுட்டிய 1946ஆம் ஆண்டிலேயே வேலூரிலும் தில்லியிலும் இளநிலைப் பட்டப்படிப்புகள் தொடங்கின. பற்றாக்குறையோ படுக்கையருகில், பட்டத்தின் நோக்கமோ பெரிதும் ஆசிரியரையும் நிருவாகிகளையும் உருவாக்குவது. 1959இல் தில்லியில் முதுநிலைப் படிப்பு தொடங்கியபோது இப்போக்கு மேலும் உறுதிப்பட்டது. வேலூரில் பட்டம் பெற்றவர் மேற்படிப்புக்கு வடக்கே செல்ல வேண்டியிருந்தது. திரும்பி வந்தால் காத்திருந்தது விரிவுரையாளர் பணி. அரசு மருத்துவமனைகளில் கண்காணிப்பாளராக உயர்வதற்கோ பணிமூப்பே முதன்மையாயிற்று.

இந்திய செவிலியர் மன்றத்தின் விதிப்படி, நான்காண்டுப் பட்டம் பெற்றவர் முதுநிலையில் சேர ஓராண்டுப் பணி அனுபவம் வேண்டும். படுக்கையருகில் பயின்றவரே பிறர்க்குக் கற்பிக்கட்டும் என்னும் இவ்விதியின் நோக்கம் நல்லதே. நடைமுறையில் அவ்வோராண்டு, சேர்க்கைக்கான காத்திருப்பாகச் சுருங்கிவிடுகிறது. அதனை எந்த ஊரில், என்ன ஊதியத்தில் கழிப்பது என்பதே பலருக்கு முதல் இடப்பெயர்வைத் தீர்மானிக்கிறது. ஊதியம் இங்கு சிறு செய்தியன்று. மருத்துவப் பணியாளர் தேர்வு வாரியத்தின் வழி 2015 முதல் ஒப்பந்த அடிப்படையில் அமர்த்தப்பட்ட செவிலியர் மாதம் ரூ.7,700 தொகுப்பூதியம் பெற்றனர். 2017 நவம்பரில் சென்னை மருத்துவப் பணிகள் இயக்ககத்தில் திரண்டு பணிநிரந்தரம் கோரினர். பட்டயம் பெற்றவருக்கும் பட்டம் பெற்றவருக்கும் அப்பணியிடமும் ஊதியமும் ஒன்றே. படுக்கையருகில் மதிப்புப் பெறாத பட்டம் வகுப்பறையையோ வளைகுடாவையோ பிரித்தானியாவையோ நாடுவதில் வியப்பில்லை.

சொல்வழக்கும் இங்கு நோக்கத்தக்கது. அகமரபில் உடன்போக்கில் சென்ற தலைவியைத் தேடிச் சுரம் நடப்பவள் செவிலித்தாய். அச்சொல்லால் பெயர்பெற்ற தொழிலினர் இன்று தாமே பிரிந்து செல்பவராயினர். இலங்கையிலும் சிங்கப்பூரிலும் மலேசியாவிலும் அவர்களுக்குத் தாதியர் என்று பெயர்.

திருவண்ணாமலையில் 2013இல் அரசு மருத்துவக் கல்லூரி தொடங்கியபின் பயிற்சிக்களம் வேங்கிக்காலுக்கு அண்மையில் வந்துவிட்டது. ஆனால் தொலைவு ஒன்றே தடையாக இருந்ததில்லை. தீவிர சிகிச்சைக்கெனச் செவிலியர் மன்றம் வகுத்த ஈராண்டு உறைவிட முதுநிலைப் படிப்பு, பெரும்பகுதி நேரத்தை நோயாளிகளிடையே செலவிடச் செய்வதால், 1946இலிருந்து தொடரும் போக்கிற்கு விலக்காக அமைகிறது. அப்படிப்பை முடித்தோர்க்கு மாவட்ட அளவில் தனிப் பணியிடமும் அதற்குரிய ஊதியமும் வகுக்கப்படாவிடில், அவர்களும் விரிவுரையாளர் பணிக்கே விண்ணப்பிப்பர்.