மீட்டமைப்பும் வரலாற்றுண்மையும்

பழம் பொறியைப் பழுதுபார்த்தல் வேறு. அதன் வரலாற்றைக் காத்தல் வேறு. இதனை அமெரிக்க அறிஞர் லாங்லியின் விமானம் நன்குணர்த்தும்.

1896 இல் அவரது ஆளற்ற நீராவி மாதிரி விமானம் பொட்டோமாக் ஆற்றின்மேற் பறந்தது. 1903 இல் ஆளேறிய பெருவிமானமோ இருமுறை அவ்வாற்றில் வீழ்ந்தது. இரண்டாம் வீழ்ச்சிக்கு ஒன்பது நாளின்பின் றைற் சகோதரர் வானிற் பறந்தனர்.

அவர்களோடு காப்புரிமை வழக்காடிய கேட்டிஸ், 1914 இல் லாங்லி விமானத்தை மாற்றியமைத்துச் சிறிது தூரம் பறக்கச்செய்தார். பின்னர் ஸ்மித்சோனியன் நிறுவகம் அதனைப் பழைய வடிவுக்கு மீட்டு, ஆளைச் சுமந்து பறக்கவல்ல முதல் விமானமெனக் காட்சிக்கு வைத்தது. மாற்றங்களின் சுவடு மறைந்தது. வெகுண்ட ஓவில் றைற் தமது விமானத்தை 1928 இல் இலண்டனுக்கு அனுப்பினார்.

1942 இல் நிறுவகம் மாற்றங்களைப் பட்டியலிட்டு வெளியிட்டது. ஓவில் மறைந்த 1948ஆம் ஆண்டின் இறுதியிலேயே றைற் விமானம் தாயகத்திற் காட்சிக்கு வந்தது. பழம்பொருளை மீட்போர் தாம் செய்த மாற்றங்களையும் எழுதிவைத்தல் கடனாகும்.