புயலுக்கு முந்திய தனுஷ்கோடி

தனுஷ்கோடி ரயில் நிலையத்தைப் பற்றி எழுதுவோர் பெரும்பாலும் 1964 டிசம்பர் 22 நள்ளிரவுப் புயலில் தொடங்கி அங்கேயே முடித்துவிடுகிறார்கள். பாம்பனிலிருந்து புறப்பட்ட 653ஆம் எண் பயணிகள் வண்டி நூற்றுக்கும் மேற்பட்டோருடன் கடலுக்கு இரையான கொடுமை அப்படிப்பட்டது. ஆயினும் அதற்கு முந்திய ஐம்பதாண்டுக் கதையே எனக்குப் பெரிதாகப் படுகிறது.

1914 பிப்ரவரி 24இல் பாம்பன் பாலம் திறக்கப்பட்டது. அதுவரை தூத்துக்குடிக்குப் போய்வந்த, இலங்கைக் கப்பலோடு இணைந்த போட் மெயில் ரயில் தனுஷ்கோடிக்குத் திரும்பியது. பாம்பன் தாண்டியதும் முதன்மைப் பாதை தனுஷ்கோடிக்கே சென்றது. இராமேசுவரத்துக்குப் பிரிந்தது கிளைப்பாதைதான்! இராமநாதசுவாமியைக் கிளையில் விட்டுவிட்டு மணல்திட்டு ஒன்றை முனையமாக்கியது தென்னிந்திய ரயில்வே. கம்பெனியின் கண் கொழும்பின் மேல் இருந்தது. சென்னையில் எடுத்த ஒரே சீட்டில் ரயில், கப்பல், தலைமன்னாரில் மறுபடி ரயில் என்று கொழும்பு வரை போகலாம். கர்சன், எல்ஜின், ஹார்டிஞ்ச் என்று வைசிராய்களின் பெயர் தாங்கிய நீராவிக் கப்பல்கள் சுமார் 35 கிலோமீட்டர் கடலைக் கடந்தன.

அந்தக் கப்பல்களை நிரப்பியவர்கள் துரைமார்கள் அல்லர்; இலங்கைத் தோட்டங்களுக்கு வேலைக்குப் போன தமிழர்கள். முன்பு தோணியில் மன்னார் இறங்கி, காட்டுவழியே மலைநாட்டுக்கு நடந்து, வழியிலேயே மாண்டவர்கள் ஏராளம். அவர்களின் பிள்ளைகளும் பேரர்களும் இப்போது ஆள்சேர்க்கும் கங்காணியின் பின்னே ரயிலேறி வந்தார்கள். அவர்களை இலங்கை அரசே மண்டபத்தில் நடத்திய முகாமில் தங்கவைத்து, அம்மை, காலரா இல்லையென்று உறுதிசெய்த பிறகே கப்பலேற விட்டார்கள். இந்திய மண்ணில் அயல் அரசின் முகாம்! தேயிலைக்கு ஆள் வேண்டும், ஆளோடு நோய் மட்டும் வரக்கூடாது.

1948இல் இலங்கைக் குடியுரிமைச் சட்டம் வந்து, தோட்டத் தமிழர்களில் பெரும்பாலோரை நாடற்றவர் ஆக்கியது. 1964 அக்டோபர் 30இல் சிறிமாவோ–சாஸ்திரி ஒப்பந்தம் கையெழுத்தாகி, அவர்களில் 5,25,000 பேரை இந்தியா ஏற்பதென முடிவாயிற்று. இரண்டு மாதம்கூட ஆகவில்லை, தனுஷ்கோடி அழிந்தது. பாம்பன் பாலத்தைச் சில மாதங்களிலேயே செப்பனிட்டார்கள். தனுஷ்கோடிப் பாதையை அப்படியே கைவிட்டார்கள். அனுப்பிவைத்த நிலையம் திரும்பி வந்தவர்களை வரவேற்க இல்லை. அவர்கள் தலைமன்னாரிலிருந்து ‘இராமானுஜம்’ கப்பலில் இராமேசுவரம் வந்திறங்கி, பழைய மண்டபம் முகாமுக்கே போய்ச் சேர்ந்தார்கள். இம்முறை அதை நடத்தியது இந்திய அரசு. 1984இல் அந்தக் கப்பலும் நின்றபோது, ஒப்பந்தப்படி வரவேண்டியவர்களில் பலர் இன்னும் தோட்டங்களில்தான் இருந்தார்கள்.